கணக்குக்கு ஒரு கேஸ்

முப்பத்தொண்ணு என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கூட்டுறவு ஆபீஸில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வந்திருக்கும் பிரவீணாவின் டோக்கன் நாற்பத்தாறு. நடுவில் பதினாலு பேர், ஆளுக்கு அஞ்சு நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது, அதற்குள் ஒரே ஒரு டிக் அடிக்க வேண்டும், அதுக்குப் போய் இந்தக் கை இந்த வியர்வை வியர்க்கிறது. மீதி எல்லாவற்றையும் காலையில் பஸ்ஸிலேயே எழுதி முடித்துவிட்டாள். குலுக்கலில் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, ஆனால் படிக்க முடியும். பெயர், பிரவீணா. வயது, பத்தொன்பது. படிப்பு, பிளஸ் டூ, காமர்ஸ், அறுநூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அப்பா பெயருக்கு முன்னால் லேட் போடலாமா கூடாதா என்று பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் கேட்டுப் போட்டாயிற்று. விண்ணப்பிக்கும் பதவி, நியாய விலைக் கடை விற்பனையாளர், அதாவது ரேஷன் கடையில் அரிசி போடுகிற வேலை. அந்த வரி எழுதும்போது மட்டும் பஸ் சிக்னலில் நின்றதால் அது ஒன்று மட்டும் அச்சடித்த மாதிரி அழகாக விழுந்திருக்கிறது. பதினாலாவது கேள்விதான் அப்படியே கிடக்கிறது. விண்ணப்பதாரர் எந்த நீதிமன்றத்தாலாவது எப்போதாவது தண்டனையோ அபராதமோ விதிக்கப்பட்டவரா. பக்கத்தில் ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம், ரெண்டும் மூக்குத்தி அளவு. ஏன், எதுக்கு, எப்படி என்று எழுத ஒரு கோடு கூடப் போட்டுத் தரவில்லை. அவளுக்கு இந்தக் கேள்வியைத் தயாரித்த ஆளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்து என்ன செய்வது, அவர் பாட்டுக்குக் கேட்டிருக்கிறார், பதில் தெரியாமலா அவள் உட்கார்ந்திருக்கிறாள், நல்லாத் தெரியும். விதிக்கப்பட்டவர்தான். முந்நூறு ரூபாய்.

முந்நூறு ரூபாய்க்குப் பின்னால் ஒரு முறை இருந்தது, அதை இந்த ஆபீஸில் யாரிடம் சொன்னாலும் கதை விடுகிறாள் என்பார்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் மொத்தம் பதினோரு தள்ளுவண்டி, அதில் ஆறாவது அவள் அம்மா சாந்தாமணியுடைய காளான் வண்டி. மாசக் கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் நாச்சிமுத்து பைக்கை ஓரங்கட்டிவிட்டு வருவார், அதிகாரமாக எல்லாம் இல்லை, கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவர் மாதிரி நோட்டும் பேனாவுமாக. "இந்த மாசம் ரெண்டு குறையுதுங்க சாந்தாமணியக்கா, யாரு முறை?" ஸ்டேஷனுக்கு மாசத்துக்கு இத்தனை சின்னக் கேஸ் பிடித்திருக்க வேண்டும் என்று மேலேயிருந்து கணக்காம். குறைந்தால் அவருக்கு ஏச்சு விழும். அதனால் வண்டிக்காரர்களே பேசி முறை வைத்துக்கொண்டார்கள். சித்திரைக்குப் பழ வண்டி, வைகாசிக்குப் பானிபூரி, அதற்கடுத்து செருப்புக்கடை என்று. முறை வந்தவர் பெயர் கொடுப்பார், கோர்ட்டுக்குப் போய் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவார், பதினோரு வண்டியையும் அந்த மாசம் எவனும் தொட மாட்டான். அபராதத்தைப் பதினோரு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. தெருக்குழாயில் குடம் வைக்கிற மாதிரி முறை, அவ்வளவுதான். போன வருஷம் ஆவணியில் காளான் வண்டி முறை வந்தபோது அம்மா தலையை ஆட்டினாள். "என்ற பேரு வேண்டாங்க ரைட்டரய்யா, மூணு தடவ ஆயிப்போச்சு. அந்த ஜட்ஜம்மா என்ற மூஞ்சியப் பாத்து வெச்சிருக்குது, அடுத்த தடவ உள்ள போட்டுருவேன்னுச்சு." நாச்சிமுத்து பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார். அம்மாவுக்குத்தான் அது தோன்றியது, வேற யாருக்கும் தோன்றாது. "பாப்பாளுக்குப் போன மாசம் பதினெட்டு முடிஞ்சுதுங்க. அவ பேர எழுதிக்குங்க. புதுப் பேரு." சந்தோஷமாகத்தான் சொன்னாள். பீரோவில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த சேலையை எடுத்துக் கொடுக்கிற முகம். நாச்சிமுத்து எழுதிக்கொண்டே "ஹேப்பி பர்த்டே பாப்பா" என்றார். பிரவீணா தேங்க்ஸ் அங்கிள் என்றாள். அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. தேங்க்ஸ் அங்கிளாம்.

முப்பத்திமூணு. முப்பத்தி ரெண்டு எப்போ போச்சு. சுவரில் இருக்கிற ஃபேன் தலையை இந்தப் பக்கம் திருப்பும்போதெல்லாம் படிவம் படபடவென்று அடித்துக்கொண்டது, அந்தப் பக்கம் திருப்பினால் அடங்கியது. தலையில் ரெண்டு தடவை ஷாம்பு போட்டும் காளான் மசாலா வாசம் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணனுக்கு அது வருமோ என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எண்ணெய் பட்டுக் கொப்புளம் வந்த ஆட்காட்டி விரல் பேனா பிடித்தால் வலிக்கிறது, வலியில் தப்பான கட்டத்தில் டிக் விழுந்துவிட்டதென்று சொல்லலாமா. யாரிடம் சொல்வது. எது தப்பான கட்டம். படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, இது பொதுமக்களின் உணவுப் பொருட்களைக் கையாளும் நம்பிக்கைக்குரிய பதவி என்பதால் அனைத்து விவரங்களும் உண்மையாக இருக்க வேண்டுமாம். நம்பிக்கைக்குரிய. அவள் தெரு ரேஷன் கடையில் இருக்கிற ஆள் கிலோவுக்கு அம்பது கிராம் சர்க்கரை குறைப்பான், கேட்டால் சாக்கு எடை என்பான், சர்க்கரையைச் சாக்கிலா வாங்குகிறோம், பையில்தானே வாங்குகிறோம். அவனும் ஒரு காலத்தில் இதே மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து இதே பதினாலுக்கு இல்லை என்று டிக் அடித்திருப்பான், அது உண்மையாகவும் இருக்கும், அவன் மேல் எந்தக் கேஸும் கிடையாது. அவளுக்கு அந்த நியாயம் மட்டும் எத்தனை தடவை யோசித்தாலும் விளங்கவில்லை. யோசிக்கவும் கூடாது. யோசித்தால் அழுகை வரும், அழுதால் மூக்கு சிவக்கும், உள்ளே இருக்கிறவர்கள் என்னம்மா என்பார்கள், என்னம்மா என்று கேட்டால் அவளுக்கு உண்மை வந்துவிடும். அதுதான் அவளிடம் இருக்கிற கோளாறு. டியூஷன் சார் அக்கவுண்டன்ஸியில் தப்பாகப் போட்டபோது தப்பு என்று எழுந்து சொல்லி மூணு நாள் வெளியே நின்றவள். பெரியம்மா பொண்ணு நிச்சயத்தில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கு குள்ளம் என்றவள். வாயில் இருக்கிறதைக் கீழே வைக்கத் தெரியாது என்று அம்மா திட்டுவாள், திட்டிவிட்டு அடுத்த வண்டிக்காரியிடம் எம் புள்ளைக்குப் பொய்யே வராதுங்க என்று பெருமையும் அடித்துக்கொள்வாள்.

கோர்ட்டுக்கு நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு போனாள், பர்த்டேக்கு எடுத்தது, மாம்பழக் கலர். அம்மாதான் போடச் சொன்னாள். வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள், கோர்ட்டுக்கே வந்துட்டோம்ல என்று எழுதி, சிரிக்கிற பொம்மை ரெண்டு போட்டு. நாற்பத்திரெண்டு பேர் பார்த்தார்கள். அந்த நாற்பத்திரெண்டு பேரில் யாராவது ஒருத்தர் இங்கே இந்தப் பெஞ்சில் இருந்தால். திரும்பிப் பார்த்தாள், ஒருத்தரையும் தெரியவில்லை, ஆனால் தெரிந்தவர்கள்தான் போய்ச் சொல்ல வேண்டுமா என்ன. உள்ளே நாச்சிமுத்து கொடுத்த பேப்பரை ஒருத்தர் படித்தார். பதினாலாம் தேதி மாலை ஆறரை மணிக்குப் பேருந்து நிலைய நுழைவாயிலில் தள்ளுவண்டியை நிறுத்திப் பொதுமக்களுக்கும் போக்குவரத்துக்கும் இடையூறு செய்தார். பதினாலாம் தேதி வண்டிக்கு அச்சு முறிந்து வெல்டிங் பட்டறையில் கிடந்தது. ரெண்டு நாள் வியாபாரமே கிடையாது. அன்று சாயங்காலம் ஆறரைக்கு அவள் வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு காய்ச்சலில் படுத்திருந்தாள். அவளுக்கு வாய் துறுதுறுவென்று வந்தது, தேதி தப்புங்க என்று. அம்மா முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள், வாயத் தொறந்தே கொன்னுருவேன், ஒத்துக்கறேன்னு மட்டும் சொல்லோணும். நல்ல நேரம் பார்த்து அன்றைக்கு மட்டும் அம்மா பேச்சைக் கேட்டாள். "குற்றத்தை ஒத்துக்கறியாம்மா?" தலையை ஆட்டினாள். "வாயத் தொறந்து சொல்லு." ஒத்துக்கறேன். முந்நூறு ரூபாய், அடுத்த ஆள். ஒரு பிளேட் காளான் பிரட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் நாச்சிமுத்து பேக்கரியில் ஆளுக்கொரு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார், அதன் பொருக்கு கன்னத்தில் ஒட்டியிருப்பதைக் காட்டி அம்மா சிரித்தாள். நல்ல நாள் அது. நிஜமாகவே நல்ல நாள். அதை எப்படிக் கெட்ட நாளாக மாற்றி நினைத்துக்கொள்வது என்று இத்தனை நாளாகியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"என்ன தங்கச்சி, பதினாலுலயே நிக்கறே?" பக்கத்து அண்ணன்தான். லோகநாதன் என்று அவர் ஃபைல் மேலே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது, டோக்கன் நாற்பத்தஞ்சு, முப்பத்திமூணு வயசு, இது எட்டாவது வேலைக்கு எட்டாவது படிவம் என்று வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "பரீட்சையில எட்டிப் பாக்கற மாதிரிப் பாக்காதீங்ண்ணா" என்றாள். "எட்டிப் பாக்கத் தெரிஞ்சிருந்தா நானு இன்னும் இங்கயா உக்காந்திருப்பேன். எல்லாத்துக்கும் இல்லைன்னு போடு, பேசாம இரு. நானு வேகத்துல கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டதுக்கே இல்லைன்னு போட்டுட்டேன், அப்புறம் அடிச்சு எழுதினேன். எம் பொண்டாட்டி பாத்தா அங்கயே இன்னொரு கேஸு." அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. ஒருத்தர் மேல கேஸு இருந்து, இல்லைன்னு போட்டா என்ன ஆகும் என்று கேட்டாள். யாருக்கோ கேட்கிற மாதிரிதான் கேட்டாள், ஆனால் அவளுக்கு அந்தக் குரல் வராது. லோகநாதன் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளை ஒரு தடவை பார்த்தார். அவருடைய மச்சினன் ஒருத்தன், வேற ஏதோ டிபார்ட்மெண்ட், கோயில் நோம்பித் திருவிழாவில் சட்டையைப் பிடித்து ஒரு சண்டை, அதற்கு ஒரு கேஸ், மறைத்துவிட்டு உள்ளே போனானாம். பதினோரு மாசம் சம்பளம் வாங்கினான். வீட்டுக்கு டைல்ஸ் போட்டான். அப்புறம் ஒரு கவர் வந்தது. கேஸ் இருக்கிறதற்காக இல்லையாம், மறைத்ததற்காக. "இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஆதாரைத் தட்டினாப் போதும், பூரா வந்துருது." அப்படின்னா ஆம்னு போட்டவங்க என்று கேட்டாள். லோகநாதன் நிஜமாகவே யோசித்தார், கூரையைப் பார்த்து, விரல் விட்டு. "ஆம்னு போட்டு உள்ள போனவங்கள நானு பாத்ததில்ல தங்கச்சி. ஆம்னு போட்டவங்களையே பாத்ததில்ல."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். தெரிந்ததுதான். முப்பத்தெட்டு. பதினஞ்சாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது, அதைப் பார்த்தாவது கொஞ்சம் தைரியம் வருகிறதா என்று ஃபைலைத் திறந்தாள். கூட்டுறவு நிறுவனங்களிலோ வங்கிகளிலோ தவணை தவறிய கடன் உள்ளதா. இல்லை. உருண்டை சீல் வைத்த சான்றிதழ், இதே கட்டடத்தில் கீழே இருக்கிற பேங்கில் போன வெள்ளிக்கிழமை வாங்கியது. அதுவும் அதே கதைதான். தள்ளுவண்டிக் கடன் பத்தாயிரம், அம்மா பெயரில் ஏற்கெனவே ஒன்று தவணை தவறிக் கிடந்ததால் இனி அந்தப் பெயருக்குத் தர மாட்டோம் என்றார்கள், அப்பவும் அம்மா சொன்னாள், பாப்பா பேரு இருக்குதுங்களே. வண்டிக்கு அச்சு போட்டது, புது அடுப்பு வாங்கியது எல்லாம் அதில்தான். பாதி கட்டினார்கள், மழைக்காலத்தில் விட்டுப்போனது, வட்டியோடு ஆறாயிரத்து நானூறு நின்றது. கடன் இருந்தால் வேலை கிடையாது என்றதும் அம்மா பூக்கார ருக்மணியிடம் மாசம் அஞ்சு வட்டிக்கு ஏழாயிரம் வாங்கி வந்து கட்டினாள். கடன் இல்லை என்று எழுதிக் கொடுக்கக் கடன் வாங்கியாயிற்று, ஆனால் அதை எந்தப் படிவமும் கேட்கவில்லை, ருக்மணி பேங்க் இல்லையே. அந்த இல்லை சுத்தமான இல்லை. ராத்திரி பகலாக அவளுக்கு இதுதான் ஓடுகிறது. கடனைக் கட்டினால் போய்விடுகிறது, சீல் வைத்துப் போய்விட்டது என்று எழுதியே தருகிறார்கள். கேஸும் அன்றைக்கே முந்நூறு கட்டித்தானே முடிந்தது. கட்டியதால்தானே அது கேஸ். கட்டாமல், ஒத்துக்கொள்ளாமல், தேதி தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது இழுத்துக்கொண்டு கிடந்து எப்படியோ போயிருக்கும். கட்டின ரசீதுதான் அவள் கழுத்தில் தொங்குகிறது. இன்னும் ஒரு முந்நூறு, மூவாயிரம், ருக்மணியிடம் இன்னொரு ஏழாயிரம் வாங்கிக் கட்டினால் அதை எடுத்துவிடுவார்களா என்று கீழே பேங்க்கார அண்ணனிடம் கேட்டே விட்டாள், அவர் அது கோர்ட்டும்மா பேங்க் இல்ல என்றார். தெரியும். கேட்டுப் பார்த்தாள்.

நாற்பது. நாற்பத்தொண்ணு. ரெண்டு பேரைச் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், உள்ளே அவசரம் போலிருக்கிறது. அடுத்த மாசத்தோடு பஸ் ஸ்டாண்டை இடிக்கப் போகிறார்கள். புதுசாகக் கட்டி முடிக்க ரெண்டு வருஷம், கட்டினாலும் வாசலில் வண்டி நிறுத்தக்கூடாது, கடை எடுக்க வேண்டுமென்றால் அட்வான்ஸே ஆறு லட்சம். பதினோரு வண்டியும் எங்கே போகும் என்று ஒருத்தருக்கும் தெரியாது, தெரியாததால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா காலில் நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருண்டு கிடக்கிறது, சாயங்காலம் நாலு மணியிலிருந்து பத்து மணி வரை நின்றுவிட்டு வந்து காலைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு படுப்பாள். இன்டர்வியூ முடிந்து இந்த வேலைக்கான லிஸ்டில் பெயர் வந்த அன்று அந்தக் காலைக் கீழே இறக்கிவைத்து எழுந்து உட்கார்ந்து, நெசமா, நெசமா என்று நாலு தடவை கேட்டாள். இன்டர்வியூவில் எடைக்கல் சரியா என்று எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார்கள், எங்கம்மா கையில தூக்கினாலே சொல்லிருவாங்க சார், எனக்குத் தராசு வேணும் என்றாள், மூணு பேரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில்தான் கிடைத்திருக்கும். அவளுக்கு அந்த வேலை தெரியும். ரேஷன் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற தன்னை அவள் நிறைய தடவை பார்த்துவிட்டாள். ஒரு கிராம் குறைக்க மாட்டாள். கார்டு இல்லாமல் வந்த கிழவரைப் போய் எடுத்துட்டு வாங்க என்று கத்தத்தான் செய்வாள், ஆனால் அவர் வரும்வரை கடையைச் சாத்த மாட்டாள். அந்த ஸ்டூலுக்கும் அவளுக்கும் நடுவில் மூக்குத்தி அளவில் ரெண்டு கட்டம். நேற்று அம்மா நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள். அவர் மாற்றலாகி மலைப்பக்கம் எங்கேயோ போய்விட்டார். "அய்யய்யோ, அது பாப்பா பேரா எழுதினோம்" என்றாராம். நெஜமாகவே வருத்தப்பட்டாராம். "இல்லைன்னே போடச் சொல்லுங்கக்கா. புது ரைட்டர் நல்ல பையன்தான், பேசிப் பாக்கறேன்" என்றாராம். வருத்தப்பட்டாரே என்று அம்மாவுக்கு அதிலேயே பாதி தைரியம் வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதற்குக் கட்டம் இருக்கிறதா. சரி, முடிவு. உண்மையைச் சொல்லிவிடலாம். உள்ளே போய் வாயைத் திறந்து, முறை, கணக்கு, வெல்டிங் பட்டறை, காய்ச்சல் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். மனுஷங்கதானே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். சொன்னால் புரியாதா. புரிந்தால்.

நாற்பத்தஞ்சு, நாற்பத்தாறு என்றார்கள். லோகநாதன் எழுந்து இன்னொரு மேசைக்குப் போனார். அவளுக்குக் கிடைத்தது ஓரத்து மேசை, அம்பது வயசு மேடம், கண்ணாடியைச் செயினில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார், பக்கத்தில் டிபன் பாக்ஸ் பாதி திறந்து தயிர் சாதம் தெரிந்தது. உட்காரு கண்ணு என்றார். அந்தக் கண்ணுவிலேயே அவளுக்கு உள்ளே எல்லாம் இளகிவிட்டது. மார்க் ஷீட், சரி. சாதிச் சான்று, சரி. கடன் இல்லாச் சான்று, அட வாங்கியே வந்துட்டியா, கெட்டிக்காரி. விரல் படிவத்தில் வரிவரியாக இறங்கிப் பதினாலில் வந்து நின்றது. "இது விட்டுப்போச்சே." மேடம், ஒண்ணு சொல்லோணுங்க என்றாள் பிரவீணா. "எனக்கு ஒரு கேஸு இருக்குதுங்க." பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. "கொலையா கண்ணு?" இல்லைங்க, வண்டி, காளான் வண்டி, எங்கம்மாளுது, அன்னிக்கு அது அங்க நிக்கவே இல்லைங்க, பட்டறையில கிடந்துச்சு, ஆனா மாசக் கணக்குக்கு முறை வந்துச்சு, நான்தான் பேரு குடுத்தேன், முந்நூறு ரூபா கட்டினமுங்க. வெளியே ஒத்திகை பார்த்ததில் கால்வாசிகூட வரவில்லை, எல்லாம் முன்னும் பின்னுமாக விழுந்தது. அடுத்த மேசை ஆள் தலையைத் திருப்பிப் பார்த்தார். மேடம் சிரித்தார், கேலியாக இல்லை, குழந்தை நாணயத்தை முழுங்கிவிட்டது என்று கேட்டால் சிரிப்போமே அப்படி. சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "இங்க பாரு. அஞ்சு மணிக்குள்ள அறுபது ஃபைலையும் அனுப்பியாகோணும். நீ ஆம்னு போட்டா நானு தனியா அறிக்கை எழுதோணும், ஆறு காப்பி, மேல அனுப்போணும், அவங்க சந்தேகம் கேப்பாங்க, நானு திருப்பி எழுதோணும். அதுக்குள்ள லிஸ்ட்டே முடிஞ்சுரும். காளான் வண்டிக்கு எவன் கண்ணு வந்து கேக்கப் போறான்?" ஆனா இருக்குதுங்களே மேடம் என்றாள். தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நீ எங்கிட்ட எதுவும் சொல்லல. சரியா? நல்ல புள்ளையா இருக்கறே, எம் பொண்ணு வயசு" என்று சொல்லிக்கொண்டே, பேனாவை இறக்கி, இல்லை என்கிற கட்டத்தில், காலை முதல் நாற்பது தடவை போட்டுப் பழகின கையோடு, சின்னதாக ஒரு டிக். போட்டது தெரியக்கூட இல்லை, அவ்வளவு லேசு. படிவத்தைத் திருப்பி வைத்துக் கீழே விரலால் தட்டினார். மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை, மறைத்தது பின்னர் தெரியவந்தால் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம் செய்யப்படலாம் என்பதை அறிவேன். போடு கண்ணு.

போடாமல் இருந்திருக்கலாம். எழுந்து வந்திருக்கலாம், டிக் மேல் கோடு இழுத்துவிட்டு ஆம் என்று போட்டிருக்கலாம், பேனா அவள் கையில்தான் இருந்தது. இதெல்லாம் மாடிப்படியில் இறங்கும்போது தோன்றியது. அங்கே தோன்றியது ஒன்றே ஒன்று, மேடத்துக்குத் தயிர் சாதம் ஆறுதே என்பது. தயிர் சாதம் ஆறுவதற்கு அதில் சூடே கிடையாது. அப்படித்தான் ஓடியது மூளை. கொப்புள விரலால் பேனாவை அழுத்திப் பெயரைப் போட்டாள், அடுத்த ஆளுக்கு நாற்காலியை விட்டாள், தேங்க்ஸ் மேடம் என்றும் சொல்லித் தொலைத்தாள். பதினஞ்சு நாளில் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவாங்க, அது சும்மா, வீட்டு அட்ரஸ் பாத்துட்டுப் போவாங்க என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டேஷனிலிருந்து. படியில் நின்றுவிட்டாள். ரிட்டயர்மெண்ட் அறுபது. பத்தொன்பதிலிருந்து அறுபதுக்கு நாற்பத்தொரு வருஷம். பதினஞ்சு நாளில் வரலாம், பதினோரு மாசத்தில் வரலாம், அம்மாவுக்குக் கால் ஆபரேஷன் செய்துவிட்டு வீட்டுக்கு டைல்ஸ் போட்ட அடுத்த வாரம் வரலாம், நாற்பதாவது வருஷம் வரலாம், ஏதோ ஒரு ஆபீஸில் யாருக்கோ மாசக் கடைசியில் கணக்குக் குறைந்து ஆதாரைத் தட்டிப் பார்க்கிற அன்றைக்கு. அரிசி அளந்துகொண்டே வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தர் கையிலும் பை இருக்கிறதா கவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் எழுதின பேப்பரில் தேதி பொய், நேரம் பொய், இடம் பொய், கையெழுத்து மட்டும்தான் நிஜம். இன்றைக்கு எழுதினதில் தேதி சரி, இடம் சரி, அப்பா பெயர் முன்னால் போட்ட லேட் உள்பட எல்லாமே சரி, அந்த ஒரு டிக்கைத் தவிர. இதுதான் அவள் செய்த முதல் தப்பு. இதற்கு எவனும் அவளைக் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை.

ரோட்டுக்கு வந்து நிழலைத் தேடி நிற்பதற்குள் போன் அடித்தது. அம்மா. பின்னால் மார்க்கெட் சத்தம். "முடிஞ்சுதா பாப்பா? என்ன சொன்னாங்க?" எல்லாம் சரின்னு சொன்னாங்கம்மா என்றாள். "அந்தப் பதினாலு?" அதுவும் சரின்னு சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ சொல்கிற குரல். "ருக்மணி, கேட்டியா, எம் பொண்ணுக்கு ஆயிருச்சு. கவர்மெண்ட்டு வேலை." ருக்மணி என்னவோ சொல்லிச் சிரித்தாள், இன்னும் ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள், தராசுக்கல் ஒன்று தட்டில் விழுகிற சத்தம் கேட்டது, அம்மா திரும்பி வந்தாள். "நானுதான் சொன்னேனே, உன்ற பேருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. எங் கண்ணே பட்டிருக்கும், வா, சுத்திப் போடறேன். ஏம்பாப்பா, பேச மாட்டேங்கறே? அழுவறயா?" இல்லைம்மா. "அப்பறம் என்ன?" ஒண்ணுமில்லை, பஸ்ஸு வந்துருச்சு, வெச்சர்றேன் என்றாள். வார்த்தை ஒன்றும் தடுக்கவில்லை, சுலபமாகத்தான் வந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு நின்றாள். ரெண்டு பக்கமும் ரோடு வெயிலில் காலியாகக் கிடந்தது. பஸ் எதுவும் வரவில்லை.